மூச்சை விடச் சொல்ல மறந்தேன்

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. எனக்கு நடந்தது இது, அதுவும் பட்டப்பகலில். பேய்கூட என்னைப் பார்க்க இரவுவரை காத்திருக்கவில்லை.

1997 ஓகஸ்ட் 10, ஞாயிறு. வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் எக்ஸ்ரே எடுப்பவன். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கும் என் பள்ளிக்கூட நண்பன் ஸ்ரீஸ்கந்தராசா, த்ரீவீலரில் ஒரு பெட்டியோடு வந்திறங்கினான். உள்ளே வாய் அடைத்த ஒரு சின்ன ஈமத்தாழி, அந்தக் காலத்தில் செத்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த பானை.

“இப்ப ஒண்டையும் உடைக்கிறேல்ல மச்சான். முதல்ல படம். வெடிப்புக்குள்ளால எலும்பில ஒரு துண்டு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினனான். கார்பன் பாத்து வயசு சொல்லுவாங்கள்.”

“எவ்வளவு இருக்கும்?”

“ரெண்டாயிரம் வருசம். அறிக்கையில உன்ர பேரும் வரும். அதைக் காட்டி எங்கட பல்கலைக்கழக லாப்பில வேலை எடுத்துத் தாறன்.”

எனக்கு வேலையைவிட அந்த வேலைக்குக் கிடைக்கும் அரசாங்க அடையாள அட்டைதான் கண்ணுக்குள் நின்றது. அது இருந்தால் வீதிச் சோதனைச் சென்ரியில் மரியாதை. அன்று காலையும் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவைக் கேட்டார்கள். பானையை யாரும் கேட்கவில்லை.

ஸ்ரீ வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்தான். நேரம் 2.10. தடுப்புக்குப் பின்னால் நின்று, பழக்கதோஷத்தில் சொன்னேன்: “மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.”

பானையிடம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

2.16. இருட்டறை. சிவப்பு விளக்கின் கீழ் படம் மெல்ல எழுந்து வந்தது. மண்டையோடு. பற்கள் இறுக மூடியிருந்தன.

அடுத்த அறையில் சத்தம்.

ம்... ம்...

மூச்சு முட்டுகிறவர் போடுகிற சத்தம். பத்து வருடமாகக் கேட்ட சத்தம்தான். நான் “விடுங்கோ” என்று சொல்ல மறந்தால் நோயாளிகள் அப்படித்தான் முனகுவார்கள்.

அன்றும் சொல்லவில்லை.

அந்த அறையில் பானை மட்டும்தான் இருந்தது.

கதவோரம் போனேன்.

“இனி... விடுங்கோ.”

ஹா.........

நீளமாக. நன்றியோடு.

2.31. இரண்டாவது படம் எடுத்தேன். பானையை நான் தொடவில்லை.

மண்டையோட்டின் வாய் திறந்திருந்தது.

இரண்டையும் ஸ்ரீயிடம் நீட்டினேன். அவன் அதிரவில்லை.

“மண் அசைஞ்சிருக்கும்.”

“நான் தொடேல்லயடா.”

“விடு மச்சான். ஒருத்தரிட்டயும் கதைக்காத.”

இரண்டாவது படம் அவனுடைய பைக்குள் போனது.

அறிக்கை வந்தது. முதல் படம் மட்டும். ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான எலும்பு’ என்று எழுதியிருந்தான். படத்தைச் சரிபார்த்தவர் என்று என் பெயரும் இருந்தது; கீழே கையெழுத்தும் போட்டேன். கேக் வாங்கி கிளினிக் முழுக்கக் கொடுத்தேன், மடையன். வேலையும் கிடைத்தது. அட்டையும் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து ஸ்ரீ நோர்வேக்குப் போய்விட்டான். அவனுடைய கோப்புகள் என் மேசைக்கு வந்தன. ஒன்றில் வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் கடிதம். அந்த எலும்பைப் பற்றித்தான்.

பழங்காலத்து எலும்பு அல்ல. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன் அதில் இருக்கிறதாம்; 1955க்குப் பிறகு உயிரோடு இருந்த ஒருவருடையது.

ஆரோ ஒருவரை, எங்கள் காலத்து ஒருவரை, பழைய பானைக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். நானும் கையெழுத்துப் போட்டு மூடியிருக்கிறேன்.

கடிதத்தின் மூலையில் ஸ்ரீயின் கையெழுத்து. கிடைத்த திகதியையும் ஒழுங்காகக் குறித்திருந்தான்.

1997 ஓகஸ்ட் 4. பானையோடு அவன் என்னிடம் வந்திறங்குவதற்கு ஆறு நாள் முன்.