தேவதைகளைப் பிரிக்கிறவர்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மாடி மாடியாக ஏற்றி இறக்கிய மனுஷர் குடியிருந்தது என்னவோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "உங்க வீட்டுக்கு மட்டும் ஒண்ணு மாட்டக் கூடாதா மாமா?" என்று நான் மூச்சிரைக்கக் கேட்காத நாள் கிடையாது. சிரிப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம்.

அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. மாமா எதையும் தூக்கிப் போட மாட்டார், அவள் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். அந்த வீட்டில் நடந்த சண்டை எல்லாம் இந்த ஒரே சண்டைதான். துருப்பிடித்த போல்ட்டு டப்பாவை அவள் குப்பையில் போடுவாள். அவர் சத்தம் காட்டாமல் போய் எடுத்துக்கொண்டு வருவார். அவள் மறுபடி போடுவாள்.

இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நிம்மதியாக உட்கார்ந்தபோது அக்காவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் பெயர்கள். அப்புறம் வீடு. இரண்டாவது முறை காணாமல் போனவளை பஸ் டிப்போவில் கண்டுபிடித்தோம். மாமாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு, டிரைவர்களுக்கு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். அவளைப் படியேற்றிக் கூட்டி வரும்போது அவள் நன்றாகத்தான் ஏறினாள், மாமாதான் மாடிக்கு மாடி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அவர்களுடைய ஒரே மகளை, அவளுடைய அதிகாரப் பேச்சுக்காக, நான் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவேன். வேறு ஊரில் வேலை. செய்தி கேட்டு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, நல்ல இல்லம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா உங்களக் கேக்க மாட்டேன். அம்மாவக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"ஆகாதும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அக்காவை வீட்டில் உட்கார வைத்தது ஒரு புனல். மறதிக்காரர்களுக்கான பகல்நேர மையத்தில் ஒரு பெண் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் புனலும் பழைய கைக்குட்டையும் கொடுத்துத் தேவதை பொம்மை செய்யச் சொன்னாளாம். மற்றவர்கள் புனலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது அக்கா செய்து முடித்துவிட்டாள். புனலைக் கவிழ்த்தால் பாவாடை. மேலே ஒரு பிங்பாங் பந்தை ஒட்டினால் தலை. பாத்திரம் தேய்க்கிற பித்தளைக் கம்பி நார் தங்க முடி. ஜன்னல் திரையின் வளையம் ஒளிவட்டம். கிழிந்த லேஸ் துணி இறக்கை. அன்றிலிருந்து அதே வேலை. கண்ணும் கருத்துமாக உட்கார்ந்துவிடுவாள். வாசல் கதவு திறந்து கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மாமா வாராவாரம் பழைய சாமான் சந்தைக்குப் போய் உடைந்த புனல், ஒற்றைக் காதணி, கறை படிந்த மேஜை விரிப்பு என்று சாக்குப் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். அது வரைக்கும் அவள் குப்பை என்று சொன்னதெல்லாம் இப்போது அவளுக்குப் பொக்கிஷம். வீடு முழுக்கத் தேவதைகள். குளிர்பதனப் பெட்டியின் மேல், குளியலறை அலமாரியில், மாமாவின் கருவிப் பெட்டிக்குள்ளே கூட இரண்டு. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். பல் மருத்துவரிடம் கொடுத்தார். கடைசியில் அவர் படியிறங்கும் சத்தம் கேட்டாலே கீழ்வீட்டு அம்மாள் விளக்கை அணைத்துவிடுவாள்.

அப்புறம் மாமாவின் முழங்கால் போயிற்று. சந்தைக்குப் போக முடியவில்லை. அக்கா கையில் கிடைத்ததை வெட்ட ஆரம்பித்தாள். ஜன்னல் திரை போயிற்று. மாமாவின் ஒரே நல்ல சட்டை போயிற்று. வெட்ட எதுவும் கிடைக்காத ஒரு நாள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு இரண்டு படி இறங்கிவிட்டாள்.

இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மதியம் நானாகப் போனபோதுதான் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அக்கா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா தரையில் செய்தித்தாளை விரித்து, காலையில் அவள் செய்து முடித்த தேவதையைப் பிரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மோட்டாரைக் கழற்றுகிற மாதிரி வரிசையாக வைத்திருந்தார். முதலில் வளையம், அடுத்து முடி, அடுத்து இறக்கை. உருவிய நூலை ஒரு போல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "என்ன மாமா இது? பெத்த பிள்ளை மாதிரி செஞ்சு வச்சிருக்கா. பாவம் இல்லையா?"

"மெதுவா பேசு. எழுந்துடுவா."

"எழுந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேக்க மாட்டா. சாக்குல போட்டு, சந்தைலேருந்து வந்ததுன்னு கொடுத்தா ரொம்ப சந்தோஷப்படறா. 'யாரோ நல்ல பொருள தூக்கிப் போட்டிருக்காங்க பாருங்க'ன்னு என்கிட்டயே சொல்றா." நூலைப் பல்லால் கடித்தார். "பாவந்தான். வேற என்ன பண்றது? அவ கை சும்மா இருந்தா கால் வெளிய போயிடுது. போனா நம்ம பொண்ணு கூட்டிட்டுப் போயிடுவா."

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இறக்கையை எடுத்துக்கொண்டேன்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அவள் செய்வாள், அவர் பிரிப்பார். அதற்குள் அக்காவுக்கு நான் யாரோவாகிவிட்டேன். மாமா 'பெரியவரே' ஆகிவிட்டார். "பெரியவரே, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்பாள். அவர் கொண்டுவந்து கொடுப்பார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது மட்டும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே நின்றாராம்.

சென்ற மாதம் அவர் குளியலறையில் மயங்கி விழுந்தார். கீழ்வீட்டு அம்மாள் இன்ஸ்பெக்டருக்கும் எனக்கும் போன் செய்துவிட்டாள். எனக்குப் பின்னாலேயே வந்தவள் அப்பாவின் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். மாமா தடுக்கவில்லை. தடுக்க அவரிடம் தெம்பு இல்லை. "அவளுக்குக் கொஞ்சம் பால் கொண்டுவரேன்" என்று சமையலறைக்குப் போனார்.

அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் லேஸ் நைந்து நூலாகத் தொங்கியது. இன்ஸ்பெக்டர் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"யாருக்கும்மா இதெல்லாம் செய்யற?"

அக்கா சமையலறைப் பக்கம் ஜாடை காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "அங்க இருக்காரே, அந்தப் பெரியவருக்குத்தான். பாவம், அவருக்கு யாரும் இல்ல போல. நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கிட்டு எல்லாத்தையும் எடுத்துப் பிரிப்பார். அப்ப அவர் மொகத்தப் பாக்கணும், அவ்வளவு நிம்மதி. ஒரு நாள் ஒடம்பு முடியலன்னு நான் செய்யல. அன்னைக்குப் பூரா சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். எனக்கு மனசு கேக்கல. அதுலேருந்து ஒரு நாள் கூட விடறதில்ல."

அக்கா ஊசியைத் தூக்கிக் காட்டினாள். "அவருக்குக் கண்ணு வேற சரியாத் தெரியல. அதான் தையலப் பெருசு பெருசாப் போடறேன். லேசா இழுத்தா வந்துடும்."

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமில்லை. மாமா பால் டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது, ஆனால் கேட்டுவிட்டார் என்பது டம்ளர் சாய்ந்து பால் தரையில் சொட்டுவதை அவர் கவனிக்காததில் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அந்த இல்லத்துக்குப் போன் போட்டாள். "இன்னிக்கு வரல சார். இல்ல, நாளைக்கும் இல்ல. நானே சொல்றேன்" என்றாள். அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

மாமா மெல்ல வந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவள் முடித்த பொம்மையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கூச்சப்படாதீங்க பெரியவரே. எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டார். முதல் தடவையாக அவள் கண்ணெதிரே ஒரு நூலை இழுத்தார். அது தடையில்லாமல் வந்தது. அக்கா திருப்தியாகத் தலையாட்டினாள்.

"உங்க வீட்டுக்காரம்மா எங்க?"

மாமா நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளிய போயிருக்கா."

"வந்துடுவாங்க" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் இதப் பிரிச்சிக்கிட்டு இருங்க."