அம்மாவின் இடுப்பு இரும்பும் ஒரு பழக்கூடையும்

அம்மாவின் இடுப்பில் வைத்த செயற்கை மூட்டு உடைந்துபோய், மறுபடி ஆபரேஷன் செய்து வெளியே எடுத்தார்கள்.

அப்போதெல்லாம் எங்கள் போனையே எடுக்காத, அந்த மூட்டை விற்ற கம்பெனிக்காரர், இன்று கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டுக்கே பழக்கூடையோடு வந்துவிட்டார்.

“ஆன்ட்டி, அந்தக் கழட்டுன இரும்பைக் குடுங்க. செக் பண்ணிட்டுத் தரோம்.”

காதில் பூச்சுற்ற ஆள் கிடைத்துவிட்டது என்ற நினைப்பு அவருக்கு.

“உடம்புலேர்ந்து எடுத்ததை வீட்டுல வெக்கக் கூடாதே தம்பி,” என்றார் அம்மா.

“ஆத்துல விட்டுட்டீங்களா?” அவர் முகம் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கம்போங் குவாந்தான் ஆற்றோர மின்மினி மாதிரி மின்னியது. ஆதாரம் தண்ணீரோடு போச்சு என்ற சந்தோஷம்!

“இல்லலா. லாயர்கிட்ட குடுத்துட்டோம். கேஸ் போடுறாரு.”

மின்மினி அணைந்தது. எழுந்தவர் பழக்கூடையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டைச் சாமானை எங்கள் தலையில் கட்டியவருக்கு, நாலு நல்ல ஆப்பிளை விட்டுப்போக மனசு வரவில்லை.

பழத்துக்கும் சேர்த்தே கேஸ் போடலாமா, மக்களே?