வலப்பக்கமாகவே போகும் வண்டி

என் தங்கை தேவிப்ரியாவின் புருஷன் அறிவுச்செல்வனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் என் அம்மாவிடம் போங்கள். என்னிடம் அது கிடைக்காது.

அடி அண்ணாமலையில் எங்கள் அப்பா முருகையன் கட்டிய வீட்டில் அவன் வீட்டோடு மாப்பிள்ளை. ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு அறை பிடித்துக் கொடுப்பது தொழில். விசிட்டிங் கார்டில் அதற்குப் பெயர் ‘பிராப்பர்ட்டி கன்சல்டன்ட்.’ குளிர்காலத்தில் கொஞ்ச நாள் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் அங்கே இருக்கும் காபிக் கடைகளின் வாசலில் நிற்பதுதான் வேலை. சும்மா நிற்பதற்கும் ஒரு பவிசு வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

கல்யாணத்தில் அப்பா சீராக ஒரு பைக் கொடுத்திருந்தார். சாதாரண வண்டி. அதில் அப்பா தீவன மூட்டை ஏற்றுவார், அம்மா பின்னால் உட்கார்ந்து ரேஷன் கடைக்குப் போவாள், காஸ் சிலிண்டர்கூட வரும். ஒருநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனவன், சாயங்காலம் வேறொன்றில் வந்தான். நீல நிறம், முன்னால் முகமூடி போட்டது, ஓட்டுகிறவன் பாதி படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பின்சீட்டு என்று ஒன்று இருந்தது. ஆளுயரத்துக்கு மேலே, உள்ளங்கை அகலம்.

“இன்னா மாப்ள, எந்த ஊரு வண்டி இது?” என்று அப்பா கேட்டார்.

“இத்தாலி, மாமா. ரேஸ் வண்டி.”

அப்பாவுக்கு இத்தாலியும் ஒன்றுதான் இரும்புலியூரும் ஒன்றுதான். சீர் வண்டி எங்கே போயிற்று என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அம்மா ஆரத்தி எடுத்தாள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கினார்கள். பொட்டு வைக்கப் போன அம்மாவின் கையைத் தடுத்து, “பெயிண்ட் போயிடும் அத்தை, கண்ணாடில வைங்க” என்றான். என் அம்மா ரேணுகாம்பாள், வாழ்நாளில் யார் சொல்லியும் பொட்டு வைக்கும் இடத்தை மாற்றாதவள், அன்றைக்குக் கண்ணாடியில் வைத்தாள்.

அதற்கப்புறம் சித்திரை வெயிலில் அவன் தோல் ஜாக்கெட் போட்டான், கையுறை போட்டான். ஆசிரமத்துப் பக்கம் போய் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, ஒரு காபியை அரைநாள் குடித்தான். வெள்ளைக்காரர்கள் யாராவது நின்று பார்த்தால் என்ஜினை ஒருமுறை முறுக்கிக் காட்டுவான். அவர்கள் மௌனத்தைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள். காதைப் பொத்திக்கொண்டு போவார்கள். அதை இவன் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் வண்டி வேலைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. ஏதோ சென்சாராம். சென்னையில் ஆர்டர் போட்டுவிட்டு வந்தான். வாரக்கணக்கில் வரவில்லை. எப்போது வரும் என்று அப்பா கேட்டதற்கு, குனிந்த தலை நிமிராமல், “சைனாவுலேர்ந்து வரணும் மாமா, லேட் ஆவும்” என்றான்.

“ஏன், இத்தாலிக்காரன் குடுக்க மாட்டானா?” என்று நான் கேட்டேன்.

“டிசைன்தாங்க அக்கா அங்க. செய்யறது சைனா. இப்ப எது சைனா இல்ல, சொல்லுங்க? உங்க போன்கூட சைனாதான்.”

உண்மைதான். நான் என் போனை இத்தாலி என்று யாரிடமும் சொன்னதில்லை. வண்டியை நான் குறை சொல்லவே மாட்டேன். சைனாக்காரன் தெரிந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். கோளாறு எல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருந்ததில்தான். சென்சார் வரும்வரை அறிவுச்செல்வன் டவுன் பஸ்ஸில் போனான். அப்போதும் ஜாக்கெட்டும் கையுறையும் போட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

அந்த நாட்களில்தான் திருமலை என்கிற ஃபேன்ஸி ஸ்டோர்காரன் அவனுக்கு ஞானம் கொடுத்தான். எங்கள் வீட்டிலிருந்து ஆசிரமத்துக்குக் குறுக்கு வழி, கிரிவலப் பாதையில் தெற்கே போய்ச் செங்கம் ரோட்டைப் பிடிப்பது. அப்படிப் போனால் மலை இடது கைப்பக்கம் வரும். சாமியை இடப்பக்கம் வைத்துச் சுற்றினால் வண்டி எப்படி உருப்படும் என்று திருமலை கேட்டானாம். எங்கள் ஊரில் பால்காரன் அந்த வழியில் போகிறான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள், ஆடுமாடுகள் போகின்றன. எல்லாரும் வலம் வருவது வேறு, வேலைக்குப் போவது வேறு என்று தெரிந்தவர்கள். இவன் மட்டும் கப்பென்று பிடித்துக்கொண்டான். சென்சார் வந்து வண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, மலை வலப்பக்கம் இருக்கும்படி வடக்கே போய், குபேர லிங்கம் தாண்டி, ஊருக்குள் நுழைந்து, பெரிய கோயிலைத் தாண்டி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் போவான். மலையில் முக்கால்வாசியைச் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற இடத்துக்கு. “தினம் கிரிவலம் வரேங்க” என்று பெருமை வேறு. பெட்ரோல் அப்பாவின் தலையில்.

சரி, இது வரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம்.

தேவி குரூப் ஃபோர் பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன தடவை மிகக் கொஞ்ச மார்க்கில் போயிற்று. இந்தத் தடவை விடக்கூடாது என்று விடியலில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, கொட்டகையிலேயே உட்கார்ந்து படிப்பாள். பகலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன். அந்தப் பரிட்சை எழுதித்தான் நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அது என்னவென்று எனக்குத் தெரியும். தேவிக்கு அது வெறும் வேலை இல்லை. “வேல கெடச்சா வேங்கிக்கால்ல ஒரு வீடு பாத்துட்டுப் போயிடுவேங்க்கா. அப்பா வீட்டுச் சோத்த அவரு இப்படி உக்காந்து சாப்பிடறத என்னால பாக்க முடியல” என்று ஒருமுறை சொன்னாள். அவனை விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு போய் மானத்தோடு இருக்க வைக்கலாம் என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

பரிட்சை மையம் செங்கத்தில் விழுந்தது. ஒன்பது மணிக்கு மேல் கேட்டைச் சாத்திவிடுவார்கள், கடவுளே வந்தாலும் திறக்க மாட்டார்கள். பரிட்சை நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ராத்திரி பௌர்ணமி. அப்பா கிரிவலப் பாதை ஓரத்தில் போடும் எலுமிச்சை சாதக் கடைக்கு ஒத்தாசையாக நான் என் ஸ்கூட்டியில் வந்து அங்கேயே தங்கியிருந்தேன். விடிந்தும் மலை சுற்றும் ஜனங்கள் நடந்து தீரவில்லை.

“நான் கொண்டுபோய் விடறேன் வாடி. தெக்கால கூட்டம் கடந்துடுச்சு, ரோடு காலியா இருக்குது, போலீசும் உள்ளூர்க்காரங்கள விடறான்” என்றேன்.

அறிவுச்செல்வன் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துக்கொண்டு வந்தான். “எதுக்குங்க அக்கா? இவ்ளோ பெரிய வண்டி வச்சிட்டு என் பொண்டாட்டிய நீங்க ஸ்கூட்டில கூட்டிட்டுப் போனா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

“புருஷன் இருக்கறப்ப நீ எதுக்குடி நடுவுல?” என்று அம்மா என்னை அடக்கினாள்.

அவன் வண்டியை வடக்கே திருப்பினான். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். “தம்பி, இன்னைக்காவது தெக்கால போங்க. அங்க ஜனம் நிக்குது.”

“நல்ல காரியத்துக்குப் போறோம். சாமிய எடப்பக்கம் வச்சிட்டுப் போவச் சொல்றீங்களா? சத்தம் கேட்டா வழி விடுவாங்க.”

அப்பாவைப் பார்த்தேன். அவர் அண்டாவைக் கழுவிக்கொண்டே, “மாப்ள சொல்றதும் வாஸ்தவம்தான், வலமாவே போவட்டும்” என்றார். ஒரு பெண்ணின் பரிட்சை நாளில் இத்தனை மூளைகள் ஒன்றாகக் கெட்டுப்போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தேவி தோளில் பையை மாட்டிக்கொண்டு அந்த உயரமான சீட்டில் ஏறி, ஹால் டிக்கெட் இருந்த பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேரம் இருக்கிறது என்று அவளும் நம்பினாள்.

மீதியை அவள் சொல்லித்தான் தெரியும். குபேர லிங்கம் வரும்போதே வண்டி ஜனத்துக்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. காலில் செருப்பில்லாமல் ராத்திரி முழுக்க நடந்தவர்கள் நடுவில் இவன் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கிச் சத்தம் விட்டிருக்கிறான். ஒரு பெரியவர் ஹெல்மெட்டைத் தட்டி, “தம்பி, செருப்பு போடறதே தப்புன்னு நாங்க நடக்கறோம்” என்றாராம். இவன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். ஓடுவதற்குச் செய்த வண்டியை அடியடியாக நகர்த்தினால் அது என்ன செய்யும்? என்ஜின் கொதித்தது, அனல் தேவியின் கால்களில் அடித்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் மனிதத் தலைகள்.

“வண்டிய ஓரமா விட்டுட்டு வாங்க. நடந்துபோய் ஊருக்குள்ள ஆட்டோ புடிக்கலாம்” என்று இவள் கெஞ்சியிருக்கிறாள்.

“யாராவது கீறிட்டா? அஞ்சு நிமிஷம் இரு, சூடு எறங்கட்டும்.” கையுறையோடு பாக்கெட்டுக்குள் கை நுழையாது, அதைக் கழற்றச் சோம்பல்பட்டு, “இந்தா, இத வச்சிரு” என்று சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளிடமிருந்த ஃபைலை வாங்கினான். வாங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஹால் டிக்கெட்டோடு சேர்த்து அந்த ஃபைலால் ரேடியேட்டருக்கு விசிறினான். 

இதை மட்டும் தேவி ரெண்டு தடவை சொன்னாள். எனக்கு அவனை அங்கேயே போய் அறைய வேண்டும்போல் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அவள் ஃபைலை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். எதிரே வரும் கூட்டத்துக்குள், மலையை இடப்பக்கம் வைத்து, ஓட்டமும் நடையுமாக. எனக்குப் போன் செய்தாள். நான் ஸ்கூட்டியில் எதிரே போய் வழியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது அம்மா ஏதோ கத்தினாள், நான் நிற்கவில்லை. தெற்கே ரோடு துடைத்துவிட்டதுபோல் காலியாகத்தான் இருந்தது. செங்கம் வரைக்கும் அந்தச் சின்ன வண்டியை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கேட் சாத்தியிருந்தது. இப்போதுதான் சாத்தினார்களாம். வெளியே இன்னும் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு கம்பியைப் பிடித்து அழுதாள். நான் என் ஆபீஸ் அடையாள அட்டையைக் காட்டிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுக் காலில்கூட விழுந்திருப்பேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரம்மா, “எனக்கும் பொண்ணு இருக்கும்மா, ஆனா தொறக்க முடியாது” என்றாள். உள்ளே மணி அடித்தது. தேவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அப்போது அவள் போன் அடித்தது. அவன்தான். ஸ்பீக்கரில் போட்டாள். உள்ளே போனாயா என்று கேட்பான், கேட்டால் இவள் உடைந்து அழுதுவிடுவாள் என்று நினைத்து நான் அவள் தோளைப் பிடித்தேன்.

“தேவி, சாவி உன் பையில இருக்குதா பாரு. சூடு எறங்கிடுச்சு, ஸ்டார்ட் பண்ணணும்.”

அவள் பையைத் திறந்தாள். பேனாக்களுக்கு நடுவில் சாவி இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றாள்.

“நல்லா தேடிப் பாரு.”

“தேடிட்டேங்க. அந்தக் கூட்டத்துல எங்கயோ விழுந்துடுச்சு.”

சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். நான் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஆளுக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டோம். அவள் இன்னும் ரெண்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டி ஒரு குட்டி யானை வேனில் ஏறி வீட்டுக்கு வந்தது. அப்பா, அம்மா, அக்கம்பக்கத்தார் எல்லாரும் சுற்றி நின்று துக்கம் விசாரித்தார்கள். பரிட்சை என்னாயிற்று என்று ஒரு வாய் கேட்கவில்லை. இன்னொரு சாவியை அவன் சர்வீசுக்கு விட்டபோது சென்னை ஷோரூமில் கொடுத்திருந்தான். அந்த ஷோரூமில் இப்போது சோபா விற்கிறார்கள். உள்ளூரில் பூட்டை மாற்றலாம் என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். “சிப் வச்ச சாவி, கண்டவன் கைய வச்சா போச்சு” என்று விடவில்லை. சைனாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். வண்டி மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அவன் தினம் காலையில் அதைத் துடைத்துவிட்டு, ஜாக்கெட் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறான்.

போன வாரம் அடுத்த பரிட்சைக்கு அறிவிப்பு வந்தது. நான் போயிருந்தபோது தேவி அதே கொட்டகையில், அந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவன் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“இந்த வாட்டி கவலப்படாத தேவி. அதுக்குள்ள சாவி வந்துடும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

“வரட்டும்ங்க” என்று அவள் பக்கத்தைத் திருப்பினாள்.