நடைப்பயிற்சியில் விழுந்த அடி

எனக்கு நாற்பத்தேழு வயது. அடையாறிலிருந்து தினமும் தி.நகர் அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். போன வருடம் மறதி அதிகமாகி, அடுப்பில் பாலை வைத்ததையே மறந்து பஸ் ஏறிவிட்டேன். பயந்துபோய் டாக்டரைப் பார்த்தேன். தினமும் வேகமாக நடக்கச் சொன்னார். ஆறு மாதத்தில் தலை தெளிந்ததுபோல் இருந்தது.

சென்ற மாதம் ஒரு விடியற்காலை, ஆளில்லாத தெருவில் ஒருவன் பைக்கை நிறுத்தி இறங்கி, சைதாப்பேட்டைக்கு வழி கேட்டான். கையை நீட்டிக் காட்டினேன். சட்டென்று என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். விட்டிருக்க வேண்டும், நான் இறுகப் பற்றிக்கொண்டேன். கீழே தள்ளித் தரதரவென்று இழுத்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன். முகத்தில் ஓங்கிக் குத்தினான். இரண்டு பற்கள் உடைந்தன. மறுபடி அவன் கையை ஓங்கியபோது, பால் போடும் முனியம்மா ஓடிவந்து பால் கூடையால் அவன் மண்டையில் அடித்தாள். சங்கிலி என் கையிலேயே இருக்க, அவன் பைக்கில் ஏறிப் பறந்துவிட்டான்.

"இன்னாம்மா, ரத்தம் கொட்டிக்கினு கீது! குட்த்துத் தொலைக்காம இன்னாத்துக்குப் புடிச்சிக்கினு இருந்தே?" என்று முனியம்மா அழுதாள்.

போலீஸில் பைக்கின் எண்ணைத் தடுமாறாமல் சொன்னேன். அதை வைத்தே ஆளைப் பிடித்தார்கள்.

"இனிமே நடக்கவே போகாதே" என்றார் கணவர்.

"சங்கிலிய வேணா விடறேன். நடைய விடமாட்டேன்" என்றேன், வீங்கிய வாயோடு.

இப்போது என் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். நன்றாக விடிந்த பிறகு, எதிர்வீட்டு டீச்சரோடு நடக்கிறேன். யாராவது வழி கேட்டால் இருவரும் எட்டி நின்றே சொல்கிறோம்.