முகாம் முடியட்டும் என்றார் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அத்தான் கேட்டபோது தட்டிக் கழிக்கத்தான் பார்த்தேன். எழுத உட்கார்ந்தால் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதை அம்மாவிடமும் அத்தானிடமும் நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

திருக்கழுக்குன்றத்தை அடுத்த சிற்றூரில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. கைப்பந்து ஆடிய தகுதியில்தான் அவருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. உடற்கல்வி படித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஒரு மகளிர் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்து முடிக்கும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அதன் பிறகுதான் அத்தானைக் கட்டிக்கொண்டார்.

கோடை விடுமுறையில் மாமல்லபுரம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதக் கைப்பந்து முகாம் நடத்துவார். சொல்லிக் கொடுப்பவர்கள் அவருடைய கல்லூரி மாணவிகள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள். நேரத்துக்கு வருவது, வருகைப் பதிவு எழுதுவது, அழுகிற பிள்ளையைச் சமாளிப்பது எல்லாம் அந்த மாணவியின் பொறுப்பு. கடைசி நாளில், தன் பிள்ளைகள் எதில் தேறினார்கள், எதில் தேறவில்லை என்று பெற்றோரிடம் அவளே எடுத்துச் சொல்ல வேண்டும். அக்கா பக்கத்தில் நிற்பார், குறுக்கே பேச மாட்டார். அதைச் சரியாகச் செய்தவளுக்குத்தான் சான்றிதழ். அக்காவின் கையெழுத்தை நம்பி வேலை கொடுத்த பள்ளிகள் கூடுவாஞ்சேரி வரை இருந்தன.

கண்டிப்பில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. வலியை மறைத்து ஆடும் பெண்ணை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர்தான் மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு கடைசி முகாமை நடத்தினார்.

முகாமின் பத்தாம் நாள் பரிசோதனை முடிவை வாங்கி வந்தவள் நான். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் வைத்துச் சொன்னேன்.

“முகாம் முடியட்டும்டி. இப்போ நான் பட்த்துக்கினா இந்தப் பொண்ணுங்க கையில ஒரு காயிதம் இல்லாம நிக்கும்.”

“டாக்டர் உடனே வரச் சொன்னாருக்கா.”

“இருவது நாள்ல இன்னா ஆயிடும்? அம்மா கைல, உங்க அத்தான் கைல மூச்சு விடாத.”

நான் மூச்சு விடவில்லை.

கடைசி நாளில் சுமதி என்ற மாணவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கழனி வேலை செய்யும் குடும்பத்துப் பெண். “பயமா கீதுக்கா. அவுங்கல்லாம் ஆபீசர் வூட்டு ஆளுங்க” என்றாள் அக்காவிடம்.

“இன்னாடி, வாயில கொழுக்கட்டையா வச்சினுகீற? ஒரு மாசம் அவுங்க புள்ளைய மேச்சது யாரு, நானா? போய்ப் பேசு.”

சுமதி முதலில் திக்கினாள். பிறகு பத்துப் பிள்ளைகளைப் பற்றியும் மளமளவென்று சொல்லி முடித்தாள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடி வலித்தது. அவரால் நிற்கவே முடியவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முகாம் முடிந்தும் அவர் மருத்துவமனைக்கு வரவில்லை. பெண்களை நேர்முகத் தேர்வுகளுக்குத் தயார் செய்கிறேன் என்று மேலும் இரண்டு மாதம் தள்ளினார். வந்தபோது நோய் பரவிவிட்டிருந்தது. அன்று அம்மாவிடமும் அத்தானிடமும், “இப்போதுதான் தெரிந்தது” என்று சொன்னவள் நான். அது பொய்.

படுக்கையருகே முறை வைத்து இருந்த மாணவிகளுக்கும், அலுப்புப் பார்க்காமல் கவனித்த செவிலியருக்கும், தூரத்தைப் பொருட்படுத்தாமல் வந்து நின்ற உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சுமதியும் அவளோடு இருந்த பெண்களும் இன்று வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. வீட்டுக்கு வந்ததும் அழுகை வருகிறது.

அம்மா, அத்தான், என்னை மன்னியுங்கள். அன்றே உங்களிடம் சொல்லியிருந்தால் அக்கா ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் போயிருப்பார். பேசாமலாவது இருந்திருப்பார்.