பதினேழாம் நம்பருக்குப் பக்கத்து வரிசை

பரிசோதனை வயலில் அவளுக்குப் பூனை என்று பேர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆனால் கண்ணுக்கு எதுவும் தப்பாது. களை எடுப்பதும், நெருக்கமாக முளைத்த கம்புப் பயிரைக் கலைத்துவிடுவதும் வேலை. இந்தப் பருவம்தான் புதிதாகச் சேர்ந்திருந்தாள்.

சேர்ந்த மூன்றாம் வாரம், வயலின் மூலையில் ஒரு வரிசை முழுக்க இலைகளில் ஆரஞ்சுப் பொட்டுகள். தொட்டால் இரும்புத் துருப்போல விரலில் ஒட்டியது. சீக்குக் கண்ட பயிரை யார் விட்டுவைப்பார்கள்? வேரோடு பிடுங்கி எரித்தாள். வரிசை பொக்கையாகக் கிடக்க மனசு கேட்காமல், வேறு இடத்தில் கலைத்த நாற்றுகளை அங்கே நட்டுத் தண்ணீரும் ஊற்றினாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தாள்: வயலை நடத்தும் அதிகாரி, துரு இன்னும் சரியாகப் பிடிக்காத மற்ற வரிசைகளுக்கு, பிள்ளைக்குச் சோறூட்டுவது போல, துருப்பொடி கலந்த நோய்த்தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே வளர்க்கிற துருநோய் அது. பக்கத்து ரகங்கள் அதைத் தாங்குகின்றனவா என்று பார்க்கத்தான் இத்தனை பாடும். தான் எரித்தது எதை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெளியே சொல்லவில்லை.

கதிர் வந்ததும் அதிகாரி இலை இலையாகப் பார்த்தார். மூலையில், அவள் நாற்று நட்ட வரிசைக்குப் பக்கத்திலிருந்த பதினேழாம் நம்பர் ரகத்தில் ஒரு பொட்டுகூட இல்லை.

"பன்னெண்டு வருஷமா இதைத்தான் தேடிட்டிருந்தேன்! விதையை விவசாயிங்களுக்குக் குடுத்துடலாம்."

அதே வயலில் வேலை செய்யும் நாத்தனாரிடம் மட்டும் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"வேலை போயிடும், அண்ணி. இத்தனை நாளா பேசாம இருந்துட்டு, இதுக்குத்தானா வாயைத் தொறப்பீங்க?"

"ஊரெல்லாம் விதைச்சப்புறம் துரு விழுந்தா?"

"விழுந்தா நம்ம வீட்டுக் கதவையா வந்து தட்டப்போறாங்க?"

"உங்க அண்ணனும் கம்புதான் போடுறாரு. உள்ளேயிருந்தே தட்டுவாரு."

சாயங்காலம் அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"சார், பதினேழுக்குப் பக்கத்துல நிக்கிறது உங்க சீக்கு வரிசை இல்ல. அதை நான் பிடுங்கிட்டேன். அந்த எடத்துல வேற நாத்து நட்டுட்டேன்."

சந்தோஷத்தில் பக்கத்து வரிசையை அவர் பார்க்கவேயில்லை. இப்போது பார்த்தார். பச்சைப்பசேலென்று நின்றது.

"கோணல்மாணலாவாவது நட்டிருக்கக் கூடாதாம்மா? அப்பவே கண்டுபிடிச்சிருப்பேனே" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் பதினேழின் மேலும் நோய்த்தண்ணீர் தெளித்தார். தினமும் காலையில் பார்த்துச் சொல்ல அவளையே வைத்தார். பத்தாம் நாள் அவர் வருவதற்குள் அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

"எவ்வளவு?"

"பாதி இலைக்கு மேல துரு, சார்."

எழுதிக்கொண்டார். விவசாயிகளுக்கான விதைப் பட்டியலில் பதினேழை அடித்தார். பதினெட்டாம் நம்பருக்கு நகர்ந்தார்கள்.