சுலோச்சனாக்கா எழுதிய இரண்டு பக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ரங்கசாமியிடமிருந்து போன். பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். "ஏனுங்க, நம்ம சுலோச்சனாக்கா போய்ட்டாங்க" என்றார். "தூக்கத்துலயே போயிருக்கறாங்க. யாருக்கும் ஒரு சிரமம் வெக்கலீங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவர் கடிதம் அடிக்கும் டைப்பிஸ்ட். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் செய்த காரியம் ஒன்று உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது.

பம்ப் சோதனை அளவுகளைப் பதிந்துவைக்கிற கம்ப்யூட்டரில் நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. முதலாளிக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. "ஓசில வந்த சாமானத்துக்கு யாருங்க பொறுப்பு? ஒரு தடவ படுத்துச்சுன்னா தூக்கி வெளிய வெச்சுப்போடுவேன்" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. நம் ஊரில் கரண்டு சொல்லாமல் போகும். போனால் டிஸ்க் குழம்பி மெஷின் எழுந்திருக்காது. எழுப்புவதற்கு இரண்டு பிளாப்பி செய்து வைத்திருந்தேன். முதலாவது மெஷினைக் கிளப்பும். இரண்டாவதில் பழுதுபார்க்கும் கருவிகள் இருக்கும். ஓட்டும் விதம் மட்டும் என் ஒருவன் மண்டைக்குள் இருந்தது.

"நீங்க லீவுல போனா மெஷினும் லீவுங்களா?" என்று கேட்டார் அக்கா. எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் இங்கிலீஷில் ஒன்பது வரி எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "இது உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்ட லெட்டருங்க" என்று திருப்பித் தந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, தமிழில் இரண்டு பக்கம் அவரே எழுதினார்.

அதை ரங்கசாமியிடம் கொடுத்து, பழைய மெஷின் ஒன்றில் செய்துபார்க்கச் சொன்னார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ரங்கசாமி ஒவ்வொரு வரிக்கும் "ஆச்சுங்க" என்றார். "புரியுதுங்களா?" என்று கேட்டதற்கு, "நல்லாப் புரியுதுங்க்கா." எனக்கு ஒரே பெருமை. அக்கா எட்டித் திரையைப் பார்த்தார். டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளைக்கு முன்னால் மெஷின் தானாகவே காட்டுகிற # குறியையும் நான் தாளில் எழுதச் சொல்லியிருந்தேன். ரங்கசாமி அதையும் சேர்த்து அடித்திருந்தார். அந்தக் குறியோடு அடித்தால் மெஷின் வரியையே கண்டுகொள்ளாது. தப்பு என்றும் சொல்லாது. ஒன்றுமே நடக்கவில்லை, ரங்கசாமி ஆச்சு என்றார். புரியவில்லை என்று சொன்னால் எதிரே இருப்பவர் மனசு சங்கடப்படுமே என்று நினைக்கிற ஊராயிற்றே!

"நம்மூருல வாயக் கேக்கக் கூடாதுங்க, கையப் பாக்கோணும்" என்றார் அக்கா. குறியை நீக்கினார். ஒவ்வொரு வரிக்கும் கீழே, 'இப்போது திரையில் இது தெரியும். தெரியாவிட்டால் அடுத்த வரிக்குப் போக வேண்டாம்' என்று சேர்த்தார். ஆறு தரம் மாற்றி எழுதினார். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

அந்த ஐப்பசியில் நான் கொடுமுடிக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போயிருந்தேன். அக்கா அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தார். பெரிய ஆர்டர் ஒன்றுக்காகச் சோதனை அளவுகளைப் பார்க்க ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது பார்த்தா இடி இடிக்க வேண்டும்! கரண்டு போய் வந்தது, மெஷின் எழவில்லை. எங்கள் இருவரையும் பிடிக்க முடியாமல் முதலாளி கத்து கத்தென்று கத்தியிருக்கிறார். ரங்கசாமி அந்த இரண்டு பக்கத்தையும் இரண்டு பிளாப்பியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் டிபன் முடித்துக் காபி குடிப்பதற்குள் மெஷினை எழுப்பிவிட்டார்! ஒரு அளவுகூடத் தொலையவில்லை. ஆர்டரும் கிடைத்தது, லினக்ஸும் தப்பித்தது. கேள்விப்பட்டு கணபதி, பீளமேடு பட்டறைக்காரர்களெல்லாம் வந்து அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அக்கா வேலைக்கு வந்த அன்று, முதலாளி உட்பட எல்லோரும் எழுந்து கைதட்டினோம். அக்கா முகம் சிவந்து சிரித்தார். பிறகு நேராக ஸ்டோருக்குப் போனார்.

"ஏனுங்க ரங்கசாமி, எந்த வரியில தடுமாறுனீங்க?"

"எங்கயும் இல்லீங்க்கா."

"நெசத்தச் சொல்லுங்க."

ரங்கசாமி தலையைச் சொறிந்தார். "நாலாவதுலீங்க. ரெண்டாவது பிளாப்பியப் போட்டு, ஆச்சுன்னு நெனச்சு, அதைப் போடற எடத்துல எரியற வெளக்கு அணையறதுக்கு மிந்தியே உருவிப்போட்டனுங்க. மறுக்கா மொதல்லருந்து செஞ்சேன்."

அக்கா பேனாவை எடுத்து, 'விளக்கு அணையும்வரை பொறுக்கவும்' என்று அந்த வரிக்குக் கீழே எழுதினார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இதை எழுதி முடித்ததும் ரங்கசாமிக்குப் போனில் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குதுங்க" என்றார். விடுவேனா? எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று கேட்டேன்.

"அக்கா சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கறீங்களே, அந்த எடத்துலீங்க."

அந்த வரியை நான் திருத்தவில்லை.